அலுவலகம் கொடுத்த மடிக்கணினி மந்தம், மதிப்பீட்டில் குறை எனக்கு: நிர்வாகத்திடம் எப்படி எடுத்துச் சொல்வது?

கேள்வி: பேரேடு (கோவை)

அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் உள்ள சிறு வணிகர்கள். அவர்களுடைய பில்களைப் பதிவு செய்வது, வங்கிக் கணக்குடன் ஒத்துப் பார்ப்பது, மாதம் முடிந்ததும் அறிக்கை அனுப்புவது ஆகியவைதான் எங்கள் வேலை. எங்கள் குழுவில் பலருக்குக் கொடுத்திருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸரும் 8 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட பழைய மடிக்கணினி. திரையில் 1366×768 புள்ளிகள் மட்டுமே என்பதால், வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடியாமல் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இன்னும் விண்டோஸ் 10தான் ஓடுகிறது.

காலையில் கணினியைப் போட்டால் அது நிலைக்கு வருவதற்கே நெடுநேரம் ஆகிறது. ஓரளவு பெரிய எக்செல் கோப்பில் வரிசைப்படுத்தச் சொன்னால் திரை முழுவதும் வெளிறிப்போய், 'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பு மேலே வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து டீம்ஸில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருந்தால் அவர் குரலும் துண்டு துண்டாக உடையும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினோம்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. சில மாதங்களுக்கு முன் எல்லாக் கணினிகளிலும் நேரக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை நிறுவினார்கள். கீபோர்டும் மவுஸும் அசையாத நேரத்தை அது 'செயலற்ற நேரம்' என்று குறித்துக்கொள்கிறது. கணினி உறைந்து நிற்கும்போது நான் எதைத் தட்ட முடியும்? ஆகவே இயந்திரம் முடங்கிய நேரமெல்லாம் நான் சும்மா இருந்த நேரமாகப் பதிவாகி, அரையாண்டு மதிப்பீட்டில் எனக்கும் இன்னும் சிலருக்கும் மதிப்பெண் குறைந்திருக்கிறது. மேலாளரிடம் சொன்னபோது, எல்லோரும் இதே கணினியில்தானே வேலை செய்கிறார்கள் என்றார். அண்மையில், விருப்பமுள்ளவர்கள் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து பயன்படுத்தலாம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்திருக்கிறது. அதற்குத் தனியாகப் படி எதுவும் கிடையாது.

குறை இயந்திரத்தில்தான் இருக்கிறது என்பதை நிர்வாகம் ஏற்கும் வகையில் எப்படிக் காட்டுவது? சொந்தக் கணினியில் வாடிக்கையாளரின் கணக்குகளை வைத்துக்கொள்வது முறையா? மற்ற நிறுவனங்களில் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சர்வர் அறை (சென்னை)

வணக்கம். நடுத்தர நிறுவனங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்வது என் தொழில். நீங்கள் விவரித்த அறிகுறிகளைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்க்கின் மீதுதான் விழுகிறது. பிராசஸரின் மீது அல்ல.

மடிக்கணினிகளில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. வேண்டிய தரவு படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக ஐந்தரை மில்லிவினாடி ஆகிவிடும். அதற்கு முன்னால் அந்த முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், தட்டில் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை வினாடிக்கு நூறு முறை படிப்பதே அரிது. மிகச் சாதாரணமான எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) அதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் தொடங்கும்போதும், ஆன்டிவைரஸ் கோப்புகளைத் துழாவும்போதும் நடப்பது முழுக்க இப்படிப்பட்ட சிதறிய வாசிப்புதான். இதோடு 8 ஜிபி ரேமில் விண்டோஸ், டீம்ஸ், பத்துப் பதினைந்து தாவல்கள் திறந்த பிரவுசர், எக்செல், கண்காணிப்பு மென்பொருள் ஆகிய எல்லாம் அடங்காதபோது, விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில்தான் எழுதி வைக்கிறது. ரேமின் பற்றாக்குறையையும் டிஸ்க்கே சுமக்க வேண்டியிருப்பதால்தான் திரை வெளிறிப்போய் நிற்கிறது.

இதை நிர்வாகத்திற்குக் காட்டுவது கடினமல்ல. கணினி மந்தமாகும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். பயன்பாடு 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, படிக்கும் வேகம் மட்டும் வினாடிக்கு ஓரிரு எம்பி என்று இருந்தால் டிஸ்க் திணறுகிறது என்று பொருள். அதே பக்கத்தில் சராசரி மறுமொழி நேரம் மில்லிவினாடியில் தெரியும். அது நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் மேற்கொண்டு விவாதமே தேவையில்லை. அடுத்து ரேம் பகுதியைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட்டுகள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் அங்கேயே இருக்கும். இந்தத் திரைகளைத் தேதி, நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிபியு பகுதியில் தெரியும் வேகத்தையும் மறக்காமல் கவனியுங்கள். ஓர் அலுவலகத்தில் ஒரே மாடல் மடிக்கணினிகளில் சில மட்டும் தாங்க முடியாத அளவு மெதுவாக இருந்தன. புதியவை வாங்க விலைப்புள்ளியே கேட்டுவிட்டார்கள். பார்த்தால், எவ்வளவு வேலை கொடுத்தாலும் அவற்றின் வேகம் 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. 65 வாட் சார்ஜர் தேவைப்படும் கணினிகளுக்கு, பழையது பழுதான பின் 45 வாட் சார்ஜரை யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பேட்டரியும் செத்துப்போன நிலையில், கிடைக்கும் மின்சாரத்துக்குள் உயிர்பிழைக்கக் கணினி தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொண்டது. சரியான சார்ஜரைச் செருகியதும் அது பழையபடி ஓடத் தொடங்கியது. இவ்வளவு எளிய காரணத்துக்காக அங்கே பணியாளர்கள் எத்தனையோ நாள் திட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆன்டிவைரஸின் முழுச் சோதனை காலை வேலை நேரத்தில் ஓடும்படி வைத்திருந்தால், அதை உணவு இடைவேளைக்கு மாற்றச் சொல்லுங்கள். அதை நிறுத்தி வைக்கச் சொல்லி எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பாகம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அந்தக் கணினியை அன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

வழக்கமாக இந்த இடத்தில், எஸ்எஸ்டியும் இன்னொரு ரேமும் போட்டால் மேலும் சில ஆண்டுகள் ஓடும் என்று எழுதியிருப்பேன். உங்கள் கணினிக்கு அப்படி எழுத முடியவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் தேவை, இன்டெல் சில்லுகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் அது அதிகாரபூர்வமாக ஏற்கிறது. நிறுவனங்கள் பணம் கட்டிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மேலும் மூன்று ஆண்டு வரை பெறலாம். ஆனால் அதன் பட்டியல் விலை முதலாண்டில் கணினிக்கு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும். ஆகையால் ஏழாம் தலைமுறைக் கணினிகளுக்கு எஸ்எஸ்டி போடுவது புதியது வரும் வரைக்கான ஏற்பாடு மட்டுமே. குழுவில் யாரிடமாவது எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால், அதை மேம்படுத்துவது நல்ல செலவு. எந்தக் கணினி எந்த வகை என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள்.

மறுமொழி: ஐந்தொகை (திருச்சி)

நான் பட்டயக் கணக்காளர். பல நிறுவனங்களில் கணினி வாங்கும் முடிவு நிதிப் பிரிவின் மேசையில்தான் தேங்கி நிற்கிறது. ஆகவே அந்த மேசைக்குப் புரியும் கணக்கை எழுதுகிறேன்.

ஒருவரின் மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணினி மந்தத்தால் நாளொன்றுக்கு அரைமணி நேரம் போனால், அது எட்டு மணி நேரத்தில் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. மாதத்திற்கு 1,875 ரூபாய்க்கு வேலை நடக்கவில்லை. 60,000 ரூபாய் விலையுள்ள ஒரு புதிய மடிக்கணினியை மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 1,667 ரூபாய்தான் வருகிறது. வருங்கால வைப்புநிதிப் பங்களிப்பு, இடவாடகை, மின்சாரம் போன்றவற்றை நான் இங்கே சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். பழைய கணினியில் செலவே இல்லை என்று நினைக்கும் நிர்வாகம், அதே செலவைச் சம்பளத் தலைப்பின் கீழ் மாதந்தோறும் செய்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்று ஆண்டு என்பது நான் வசதிக்காக எடுத்துக்கொண்ட எண் அல்ல. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மேசைக்கணினி, மடிக்கணினி போன்றவற்றின் பயன்பாட்டு ஆயுளை மூன்று ஆண்டுகள் என்றும், சர்வர்களுக்கும் நெட்வொர்க் கருவிகளுக்கும் ஆறு ஆண்டுகள் என்றும் வைத்திருக்கிறது. வருமான வரிக் கணக்கில் கணினிக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில் (ஒவ்வோர் ஆண்டும் மிச்சமுள்ள மதிப்பில் கழிப்பது) 40 சதவீதம் தேய்மானம் உண்டு. அதன்படி 60,000 ரூபாய்க் கணினி முழு ஐந்து ஆண்டு முடிவில் ஏட்டில் ஏறத்தாழ 4,666 ரூபாயாகக் கரைந்திருக்கும். மூன்று ஆண்டு ஆனவுடன் தூக்கி எறிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நல்ல கணினி ஐந்து ஆண்டு வரை தாராளமாக உழைக்கும். ஆனால் உங்கள் கணினிகளின் தேய்மானத்தை நிறுவனம் எப்போதோ ஏறக்குறைய முழுமையாக எழுதி முடித்திருக்கும். மாற்றினால் நட்டம் என்று யாரும் வாதிட அங்கே இடமில்லை.

சொந்தக் கணினி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்வது உங்கள் பொருள், பயன் அவர்களுக்கு என்பதை விடவும் பெரிய சிக்கல் இதில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. வெளிநாட்டு ஒப்பந்தத்தின் பேரில் அந்நாட்டவரின் தரவைக் கையாளும் பணிகளுக்கு அது பல விலக்குகளை அளித்தாலும், தரவைப் பாதுகாக்கும் கடமையிலிருந்து விலக்கு அளிக்கவில்லை. அந்தக் கடமையில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் பிள்ளைகளும் பயன்படுத்தும் கணினியில் வாடிக்கையாளரின் வங்கி விவரங்கள் இருந்து, அது தொலைந்துபோனால் என்ன ஆகும் என்று நிர்வாகம் எண்ணிப் பார்க்க வேண்டும். அபராதம் நிறுவனத்துக்குத்தான் என்றாலும், உள்விசாரணையில் முதலில் நிற்கப்போவது நீங்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அலுவலக வேலைக்காக நிறுவனம் பயன்படுத்தக் கொடுக்கும் கணினியைச் சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகக் கருதிப் பணியாளரிடம் வருமான வரி வசூலிப்பதில்லை. ஆகவே அவர்கள் வாங்கிக் கொடுப்பதில் உங்களுக்கும் வரிச்சுமை இல்லை.

மறுமொழி: தேம்ஸ் கரை (லண்டன்)

இங்கே ஒரு நிறுவனத்தில் கணினிக் கொள்முதலைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் வாடிக்கையாளர்கள் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

திரைக்கருவிகள் தொடர்பான 1992ஆம் ஆண்டு விதிமுறைகள் என்று இங்கே ஒன்று உண்டு. 1990இல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த ஓர் ஆணையைப் பின்பற்றி வந்தவை அவை. நாள்தோறும் திரை முன் வேலை செய்பவரின் இருக்கை, திரை, கீபோர்டு ஆகியவற்றை முதலாளி ஆய்வு செய்ய வேண்டும்; பணியாளர் கேட்டால் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கீபோர்டு திரையிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. அதனால்தான் இங்கே நாள் முழுவதும் மடிக்கணினியில் வேலை செய்பவருக்குத் தனி மானிட்டரும் தனி கீபோர்டும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உங்களுக்கு மிகவும் பொருந்தக்கூடிய இரண்டு வரிகள் அவற்றின் அட்டவணையில் இருக்கின்றன. கணினி அமைப்பு தகவலைக் காட்டும் வேகம் பணியாளருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. வேலையின் அளவையோ தரத்தையோ சரிபார்க்கும் வசதியைப் பணியாளருக்குத் தெரியாமல் பயன்படுத்தக்கூடாது என்பது மற்றொன்று.

இந்த விதிகள் கோவையில் செல்லாது. ஆனாலும் வாடிக்கையாளர் எதைச் சாதாரணமாக எதிர்பார்க்கும் சூழலில் இருக்கிறார் என்பதை உங்கள் நிர்வாகம் அறிந்துகொள்வது நல்லது. அதைவிட வலுவான காரணம் பாதுகாப்பு. 2014 முதல் இங்கே 'சைபர் எசென்ஷியல்ஸ்' என்ற அரசு ஆதரவுச் சான்றிதழ் நடைமுறையில் இருக்கிறது. ஆதரவு முடிந்த மென்பொருளை அது ஏற்பதில்லை. கடுமையான ஓட்டைகளுக்கான புதுப்பிப்புகளைப் பதினான்கு நாளுக்குள் நிறுவியாக வேண்டும் என்கிறது. சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனங்கள், தங்களுக்கு வேலை செய்துகொடுப்பவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. புதுப்பிப்பு வராத விண்டோஸ் 10இல் கணக்கெழுதுகிறோம் என்று உங்கள் நிறுவனம் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டிய நாள் வந்தால், ஒப்பந்தமே கைநழுவிப் போகலாம். உங்கள் கடிதத்தில் இதை மேலே வையுங்கள்.

மறுமொழி: பின்னலூர் (திருப்பூர்)

மறுபக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும். நான் சிறு நிறுவனம் நடத்துபவன். முப்பது கணினிகளை ஒரே மாதத்தில் மாற்றச் சொன்னால் என்னால் முடியாது. சரக்கு அனுப்பிய பணம் வருவதற்கே மாதங்கள் ஆகிவிடும். ஆனால் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக் கேட்டால் அது முடியக்கூடிய காரியம். அதிலும் முதல் பங்கு யாருக்கு என்பதைப் பதவியை வைத்து முடிவு செய்யாமல், மாத முடிவில் யாருடைய கணினி எல்லோரையும் காக்க வைக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். பல இடங்களில் புதிய கணினி மேலாளருக்குப் போய், அவர் விட்ட பழையது வேலை செய்பவரிடம் வந்து சேர்கிறது. இது தவறு என்பதை முதலாளிகள் நாங்கள்தான் உணர வேண்டும்.

மானிட்டரை மட்டும் இப்போதே எல்லோருக்கும் கேளுங்கள். ஒரு 22 அங்குல மானிட்டர் கணினி விலையில் சிறு பகுதிதான். இரண்டு மூன்று கணினிகள் மாறினாலும் அது இருந்துகொண்டே இருக்கும். கணக்கெழுதும் பிள்ளைகள் கழுத்தைக் குனிந்து சிறு திரையில் எண்களைத் தேடுவதைப் பார்த்த பிறகு எங்கள் அலுவலகத்தில் நாங்கள் முதலில் செய்தது அதுதான்.

கண்காணிப்பு மென்பொருளின் எண்ணை அப்படியே மதிப்பெண்ணாக மாற்றுவது நியாயமில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மறுமொழி: பேரேடு (கோவை)

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். எக்செல் உறையும்போது டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, வேகமோ வினாடிக்கு 1 எம்பியைத் தொடவில்லை. என் கணினியில் இரண்டாவது ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறது. அருகில் இருக்கும் தோழி ஒருவரின் டச்பேட் சற்று மேலெழும்பியிருந்ததை அலுவலகத்தில் காட்டினோம். அந்தக் கணினியை மட்டும் உடனே வாங்கிக்கொண்டு வேறு கணினி கொடுத்துவிட்டார்கள்.

குழுவாகக் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுப்பதாக இருக்கிறோம். விண்டோஸ் 10 விவகாரத்தையும் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையும் முதலில் வைத்து, வீசக் கணக்கை அடுத்து வைத்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கோரிக்கையோடு முடிக்கலாம் என்று எண்ணம். சொந்தக் கணினியைக் கொண்டுவருவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது: செயலற்ற நேரம் என்று பதிவான நிமிடங்களில் கணினி உண்மையிலேயே உறைந்திருந்தது என்பதற்குக் கடந்த மாதங்களுக்கான சான்று ஏதாவது கணினிக்குள்ளேயே கிடைக்குமா?

மறுமொழி: சர்வர் அறை (சென்னை)

ஓரளவு கிடைக்கும். விண்டோஸ் தேடலில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் வரும் வரலாற்றுப் பக்கத்தில், எந்தச் செயலி எந்த நாளில் எந்த நேரத்தில் பதிலளிக்காமல் நின்றது என்பது தேதிவாரியாக இருக்கும். இன்னும் விரிவான பதிவுகள் வேண்டுமானால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பகுதியைத் திறந்து 1002 என்ற எண்ணை வடிகட்டிப் பாருங்கள். செயலி உறைந்த நிகழ்வுகள் அந்த எண்ணில்தான் பதிவாகின்றன. நீங்கள் மூடும்படி ஆன முடக்கங்களே பெரும்பாலும் இவற்றில் ஏறும்; சில வினாடி உறைந்து தானாக மீண்டவை ஏறாது. ஆகவே உண்மையான இழப்பு இதைவிட அதிகம் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கண்காணிப்பு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, இந்த நேரங்களை அதன் அருகில் வைத்து ஒரு தாளில் அச்சிட்டு இணையுங்கள். பழைய பதிவுகளை விண்டோஸ் தானாகவே அழித்துக்கொண்டு போகும் என்பதால், கடிதம் தயாராகும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே அந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.